ஒட்டகம்: மூன்றாம் பொருள்

ஒட்டகம் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது ஒரு புதன்கிழமை முற்பகலில், ஒரு செருப்புப் பெட்டிக்குள். எங்கள் அகராதி அலுவலகத்தில் எல்லாச் சொற்களும் செருப்புப் பெட்டிகளில்தான் குடியிருக்கின்றன. நான் வேலைக்குச் சேர்வதற்கும் முன்னால், கடையை மூடிய செருப்புக் கடைக்காரர் ஒருவர் காலிப் பெட்டிகளை மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போனாராம். பொருளும் சான்றும் எழுதிய எங்கள் சீட்டுகள் அவற்றில் அளவெடுத்தது போல உட்கார்ந்துகொண்டன. 'அன்பு' ஏழாம் நம்பர் பெண்கள் செருப்புப் பெட்டியில் இருக்கிறது. 'அரசு' குழந்தைகளின் மழைக்காலச் செருப்புப் பெட்டியில். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். முப்பது வருஷம் ஆனவனுக்குச் சிரிப்பு வராது, தும்மல்தான் வரும்.

"ஒகரத்துல இது ஒண்ணுதான் பாக்கி சார். திங்கட்கிழமை மூடிடலாம்" என்று சொல்லிப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார் தலைமைத் தொகுப்பாளர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். எதையும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார், அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க முடியாது. அதனால் அலுவலகத்தில் அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். நல்ல மனுஷிதான். ஆனாலும் முற்றுப்புள்ளி.

அடுத்த வருஷம் எனக்கு ஓய்வு. என் முதுகு என்னைக் கேட்காமலே சென்ற வருஷம் ஓய்வு பெற்றுவிட்டது. இரண்டாம் பதிப்புக்காகப் பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்க்கிறோம். பொருளுக்குச் சான்று இருந்தால் பச்சைக் கோடு, இல்லாவிட்டால் சிவப்புக் கோடு. ஒன்பதரையிலிருந்து ஐந்து மணிவரை கோடு போடுவதுதான் என் பிழைப்பு. வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடினாலும் கோடு தெரிகிறது. என் மனைவி கேட்டாள்: "ஏங்க, தூக்கத்துல விரலை ஆட்டறீங்களே, யாரை மிரட்டறீங்க?" யாரையும் மிரட்டவில்லை அம்மா, கோடு போடுகிறேன் என்றேன்.

ஒட்டகத்துக்கு முப்பத்தாறு சீட்டு. மேலே சொற்பிறப்புத் தாள் இருந்தது. வடக்கிலிருந்து வந்த சொல் என்று ஒரு கட்சி, இல்லை, நம்முடையதுதான் என்று சண்டை பிடிக்கும் இன்னொரு கட்சி. எங்கிருந்து வந்ததோ, வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மிகப் பழைய இலக்கணத்திலேயே அதன் பெண்ணைப் பெட்டை என்றும் குட்டியைக் கன்று என்றும் சொல்லலாம் என்று விதி இருக்கிறது. பாலைவனத்து மொழிகளில் அதற்கு வேறு பெயர், மேற்கே உள்ள மொழிகள் அந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டன. அந்தப் பெயரின் வேர் எது என்பதில்தான் உருப்படியான சண்டை. சுமப்பது என்ற வினையிலிருந்து வந்தது என்கிறார்கள் சிலர். சிலரோ, செய்ததற்குத் திருப்பிச் செய்வது என்ற வினையிலிருந்து வந்தது என்கிறார்கள். ஒட்டகம் தனக்குச் செய்த தீங்கை மறக்காதாம், வருஷக்கணக்காக மனதில் வைத்திருக்குமாம். இரண்டுக்கும் முடிந்த முடிவு கிடையாது. அந்த மேற்கு மொழிகளில் ஒன்றில், ஆழம் குறைந்த இடத்தில் தரைதட்டும் கப்பலின் இரண்டு பக்கமும் கட்டி, அதைத் தூக்கிவிடும் காலித் தொட்டிகளுக்கும் ஒட்டகம் என்றே பெயர் என்று யாரோ ஓரத்தில் எழுதியிருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிடிக்கும். ஒரு காலத்தில் ரொம்பவே பிடித்தது.

முதல் பொருள், விலங்கு. இருபத்தெட்டுச் சீட்டு, பச்சைக் கோடு. இரண்டாம் பொருள், இளம் பழுப்பு நிறம். துணிக்கடை விளம்பரங்கள் ஆறு, பச்சைக் கோடு. மூன்றாம் பொருளுக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. இரண்டே சீட்டு, ஊதா மை, என் கையெழுத்து. இருபத்தெட்டு வயதில் எனக்கு எவ்வளவு அழகான கையெழுத்து இருந்திருக்கிறது! 'ஒட்டகம்: (பேச்சு வழக்கு) குடும்பத்தின் பாரத்தைச் சலிக்காமல் சுமப்பவர்.' கீழே எடுத்துக்காட்டு: 'எங்கள் வீட்டு ஒட்டகம் அவள்தான், அவள் இல்லாவிட்டால் ஒரு நாள் ஓடாது.'

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. பேச்சு வழக்கில் உள்ள ஒரு பொருளை ஏற்ற வேண்டுமென்றால் அதைச் சொன்ன ஆட்கள் இருவர் வேண்டும். இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. எழுதுகிறவனுக்குச் சொந்தக்காரர்களாகவும் இருக்கக் கூடாது. பெயர் எழுதுவதில்லை, தொழில், வயது மட்டும். முதல் சீட்டில் இருந்தது: 'சலவைத் தொழிலாளி, பெண், 37.' அது என் அக்கா. இரண்டாவதில்: 'சலவைத் தொழிலாளி, ஆண், 41.' அப்படி ஒருவர் இந்த உலகத்தில் இல்லை. நானே பெற்றெடுத்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டால், அப்போது எனக்கு அது திருட்டாகவே தோன்றவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், முதல் பதிப்பு அச்சுக்குப் போகும் நேரம். எங்கள் அப்பா இறந்துபோனபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்கு எட்டு, தங்கைக்கு நாலு. அம்மா அதற்குப் பிறகு படுக்கையை விட்டு எழுந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு. காலையில் போகும்முன் தெருக்குழாயிலிருந்து மூன்று மாடி ஏறித் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பிவிட்டுப் போவாள். என்னைப் படிக்க வைத்தாள், தங்கையைக் கட்டிக்கொடுத்தாள், அம்மாவைப் பன்னிரண்டு வருஷம் புரட்டிப் போட்டுக் குளிப்பாட்டினாள். வீட்டில் அவளுக்கு ஒட்டகம் என்று பெயர். அம்மா கூப்பிடுவாள், தங்கை கூப்பிடுவாள், நான் கூப்பிடுவேன். சலவைக்கூடத்திலும் எப்படியோ பரவி, அங்கே ஒட்டகக்கா ஆகிவிட்டாள். அவளுக்கு நான் எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்? என் கையில் இருந்தது ஒரு பேனாவும் செருப்புப் பெட்டியும்தான். அவளை அகராதியில் ஏற்றினேன்.

புத்தகம் வந்ததும் ஒட்டகம் இருந்த தொகுதியைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துப் பக்கத்தைத் திறந்து காட்டியது நினைவிருக்கிறது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அச்சுல வந்துடுச்சா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. சலவைக்கூடத்துப் பெண்கள் ஆறு மாதம் அவளை அகராதிக்காரி என்று கேலி செய்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தொகுதி அவள் வீட்டு அலமாரி மேலே, துணியில் சுற்றி வைத்திருக்கிறது. வேறு பரிசு, பதக்கம், பட்டம், புருஷன், பிள்ளை எதுவும் அவளுக்கு இல்லை. அவள் உழைத்த நாற்பது வருஷத்துக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே அத்தாட்சி அந்த ஒன்றரை வரிதான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் முற்றுப்புள்ளி திரும்பி வந்தார். மூன்றாம் பொருளில் கோடு இல்லாததைப் பார்த்தார். இரண்டு சீட்டையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். ஒரே மை, ஒரே தேதி, ஒரே மூச்சில் எழுதிய கை.

"இந்த நாப்பத்தொரு வயசுக்காரர் யாரு சார்?"

"ஞாபகம் இல்ல மேடம். எவ்வளவோ பேரப் பார்த்தோம்."

"மத்த சான்று தேடினேன். ஒரு கட்டுரை நோட்ஸ்ல இருக்கு, பத்திரிகையோட பெண்கள் பக்கத்துல ஒரு தடவ வந்திருக்கு." எனக்கு மூச்சு வந்தது. அவர் விடவில்லை. "ரெண்டும் நம்ம அகராதியப் பார்த்து எழுதினது, எடுத்துக்காட்டு வாக்கியம் உட்பட. நம்ம நிழலையே நாம சாட்சிக்குக் கூப்பிட முடியாது."

நான் தலையைச் சொறிந்தேன். "அவருக்கு இப்போ எழுபது இருக்கும்" என்றார். "திங்கட்கிழமைக்குள்ள அவரோட கையெழுத்து, இல்லேன்னா நீக்கப் படிவம். ரெண்டுல ஒண்ணு." படிவத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதில் ஒரே ஒரு கட்டம்தான் பெரியது: நீக்கக் காரணம்.

வேலை போய்விடும் என்ற பயம் இல்லை என்று சொன்னால் பொய், ஓய்வுக்கு முந்தின வருஷம் போலிச் சீட்டு எழுதினான் என்று கோப்பில் ஏறினால் நன்றாகவா இருக்கும்? ஆனால் அதைவிட, அக்காவிடம் போய் என்ன சொல்வது? உன்னை எடுத்துவிட்டோம் என்றா? சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்தேன். அவள் வேறு ஊரில், மூன்று பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் கத்தினாள். "உனக்குப் புத்தி இருக்கா? அவகிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான். எடுத்தேன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவா. யாரையாவது பிடிச்சுக் கையெழுத்து வாங்குண்ணா."

அது எனக்கும் சரி என்று பட்டது. சலவைக்கூடத்தில் அவளோடு வேலை பார்த்த ஒரு மேஸ்திரி உண்டு. இருந்தால் எழுபதைத் தாண்டியிருப்பார். அவரும் அவளை ஒட்டகக்கா என்றுதான் கூப்பிட்டிருப்பார். ஆகவே முழுப் பொய் இல்லை, அரைப் பொய்தான், அதுவும் தேதி பிந்திய உண்மை என்று எனக்கு நானே வக்கீலாகிக்கொண்டேன். அவருடைய போன் நம்பர் அக்காவிடம் இருக்கும்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். இன்னமும் அதே கட்டடம், அதே மூன்றாம் மாடி. மின்தூக்கி வைக்கப் போகிறோம் என்று பத்து வருஷமாகச் சொல்கிறார்கள். நான் இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினேன். அறுபத்தாறு வயதில் அவள் இதில் தினமும் ஏறி இறங்குகிறாள், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து.

கதவு திறந்தே இருந்தது. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டு ஆறு வருஷமாகியும் துணியை மடிக்கிற விதம் மாறவில்லை. நீளவாக்கில் ஒன்று, குறுக்கே இரண்டு, கடைசியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. அந்தத் தட்டு சத்தத்தில்தான் நான் பரீட்சைக்குப் படித்தேன்.

"வா. என்ன, மூஞ்சி வெளுத்திருக்கு? சாப்பிட்டியா இல்லையா?"

"சாப்பிட்டேன்க்கா. படி ஏறினது."

"உக்காரு." எழுந்து தேநீர் போடப் போனாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை. சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். எனக்கு மட்டும் ஒரு கோப்பை கொண்டுவந்தாள். தனக்கு இல்லை. அவள் எதையும் குடித்து நான் பார்த்ததே அபூர்வம். சலவைக்கூடத்தில் கழிப்பறை அடுத்த கட்டடத்தில் இருந்தது, போய்வந்தால் கால்மணி நேரச் சம்பளத்தைப் பிடிப்பார்கள். அந்த நீராவிக்குள் நின்றுகொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் பழகிவிட்டாள். இப்போது சிறுநீரகத்தில் கல். நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்கச் சொல்லி டாக்டர் தலையில் அடித்துக்கொள்கிறார். தாகமே எடுக்கல டாக்டர் என்கிறாளாம்.

அலமாரி மேலே அந்தத் தொகுதி இருந்தது, சுற்றிய துணி வெளுத்துப்போய். நான் அதைப் பார்க்காமல் தேநீரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "அக்கா, உங்க மேஸ்திரி இருந்தாரே, அவர் நம்பர் இருக்கா?"

"எதுக்கு?"

"சும்மா, ஆபீஸ் விஷயமா ஒரு கையெழுத்து."

"அவரு போய் நாலு வருஷம் ஆச்சு. சாவுக்கு உன்னையும் கூப்பிட்டேன், வேலை இருக்குன்னே." அடுத்த உறையை எடுத்தாள். "சலவைக்காரர் கையெழுத்து அகராதி ஆபீசுக்கு எதுக்கு?"

முப்பது வருஷமாக ஒரு நல்ல பொய்யை வைத்துக் காப்பாற்றிய எனக்கு, அவள் முன்னால் அரை நிமிஷத்துக்கு ஒரு சின்னப் பொய் வரவில்லை. சொல்லிவிட்டேன். இரண்டு ஆள் விதி, நாற்பத்தொரு வயசுக்காரர், ஊதா மை, முற்றுப்புள்ளி, திங்கட்கிழமை எல்லாம். சொல்லச் சொல்ல அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். "நீ கவலைப்படாதக்கா. உன்னை எடுக்க விடமாட்டேன். வேற யாராவது இருந்தா சொல்லு, பழைய ஆளுங்க. ஒரே ஒரு கையெழுத்து" என்று முடித்தேன்.

"எடுத்துடு" என்றாள்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று பார்த்தேன்.

"எடுத்துடுடா. நீக்கணும்னா நீக்கிடு. அதுக்கு எதுக்கு ஊர் ஊரா அலையற?"

"அக்கா, எனக்காகச் சொல்லாத. என் வேலைக்கு ஒண்ணும் வராது."

"உனக்காகச் சொல்லல." முதல் தடவையாக மடிப்பதை நிறுத்தினாள். "அந்தப் பேரு எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

இதற்குப் பதில் சொல்ல எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். "நீ தண்ணி தூக்குவியே, மூணு மாடி. அதப் பார்த்து அம்மா வெச்சாங்க" என்றேன்.

"அம்மாவா?" சிரித்தாள். சிரிப்பில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "சலவைக்கூடத்துல தேய்ப்பு மெஷின்ல ஒருத்தர் இருந்தாரு. உனக்குத் தெரியாது. எனக்குப் பதினெட்டு. அவரு ஒரு ஞாயித்துக்கிழமை அவங்கம்மாவக் கூட்டிக்கிட்டு வந்தாரு, என்னைக் கட்டிக்கறேன்னு கேக்க. இதோ, இங்கதான் உக்காந்தாங்க. அம்மா படுக்கையில படுத்துக்கிட்டே பேசினாங்க. அவங்களுக்கும் சம்மதந்தான். நீ கதவுகிட்ட நின்னுக்கிட்டிருந்த, ஒம்போது வயசு. திடீர்னு ஓடி வந்து என் பாவாடையப் பிடிச்சுக்கிட்டு அந்தம்மாகிட்ட சொன்ன. 'அக்காவக் கூட்டிட்டுப் போகாதீங்க. அவ எங்க ஒட்டகம். அவ போயிட்டா யாரு தண்ணி தூக்குவா?'"

எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. நெற்றியைச் சுருக்கித் தேடிப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பாவாடை, ஒரு பெண்மணியின் கைப்பை. ஒன்றும் இல்லை. ஒட்டகம் என்ற சொல் பள்ளிக்கூடப் பாடத்தில் வந்தது மட்டும் நினைவிருந்தது. இரண்டாயிரம் வருஷத்துச் சொற்களுக்கு வேர் தேடிய மண்டை இது. பக்கத்து நாற்காலியில் நடந்தது பதிவாகவில்லை.

"எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள் அக்கா. "அம்மாவும் சிரிச்சாங்க. அந்தம்மா சிரிச்சுட்டு வீட்டச் சுத்திப் பார்த்தாங்க. அம்மாவப் பார்த்தாங்க, உன்னைப் பார்த்தாங்க, தரையில தூங்கற பாப்பாவப் பார்த்தாங்க. 'பையன் சரியாத்தான் சொல்றான். இந்த வீட்டுக்கு இவ வேணும்'னாங்க. டீயக் குடிச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. அவரு அடுத்த மாசம் வேற ஆஸ்பத்திரிக்கு மாறிட்டாரு. பேரு மட்டும் நின்னுடுச்சு."

"அக்கா…"

"உன்னைக் குத்தம் சொல்லல. ஒம்போது வயசுப் பிள்ளை, பயந்து போய்ச் சொன்ன. நீ சொல்லலேன்னாலும் நான் போயிருப்பேனான்னு எனக்கே தெரியாது." உறையை மடியில் வைத்து நீவினாள். "ஆனா ஒவ்வொரு தடவ கூப்பிடறப்பவும் அந்த ஞாயித்துக்கிழமைதான் வந்து நிக்கும். நீங்கல்லாம் ஆசையாத்தான் கூப்பிட்டீங்க. என்னன்னு சொல்லுவேன்? அப்புறம் ஒரு நாள் அச்சடிச்சு எடுத்துட்டு வந்த. சலிக்காமல்னு போட்டிருந்த. யாரக் கேட்டு எழுதின? எனக்குச் சலிக்கலேன்னு உனக்கு யாரு சொன்னா?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"பேரு வெச்சவன் நீ. அதுக்கு அர்த்தம் எழுதினவனும் நீ. ரெண்டாவது ஆளுன்னு பொய்ச் சாட்சி சொன்னவனும் நீயே. மூணும் நீதான்டா. இதுல நான் எங்க இருக்கேன்?"

வெளியே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை. அழுகை வந்தது, அழுதேன். ஐம்பத்தேழு வயசு ஆள் அழுவது பார்க்க நன்றாக இருக்காது. அவள் என்னைத் தேற்றவில்லை. மற்ற நாளாக இருந்தால் எழுந்து வந்து முதுகைத் தடவியிருப்பாள். அன்றைக்கு உட்கார்ந்தே இருந்தாள். ஒட்டகம் தீங்கை மறக்காமல் மனதில் வைத்திருக்கும் என்று சொன்ன கட்சியை அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன். நாற்பத்தெட்டு வருஷம்.

"அப்புறம் ஏன்க்கா அதை இவ்வளவு பத்திரமா வெச்சிருக்க?" என்று அலமாரியைக் காட்டிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீ குடுத்தது. எவ்வளவு சந்தோஷமா கொண்டு வந்த! தூக்கியா போட முடியும்?" என்றாள். "அதும் கனமா இருக்கு. மேல ஏத்தினதோட சரி, எறக்க முடியல."

நான் பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். மடித்த தலையணை உறைகளின் மேலேயே வைத்து எழுதினேன். சொல்: ஒட்டகம். பொருள் எண்: மூன்று. காரணம் என்ற பெரிய கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. 'வழக்கில் இல்லை' என்று எழுதினால் போதும், யாரும் மேலே கேட்க மாட்டார்கள். இந்த வார்த்தையை ஆயிரம் படிவத்தில் எழுதியிருக்கிறேன்.

"என்ன எழுதற?" என்றாள்.

"ரெண்டாவது ஆள் பொய்யின்னு. முதல் ஆள் என் அக்கான்னு. அவங்களைக் கேட்காம எழுதினேன்னு."

யோசித்தாள். "உனக்கு ஏதாவது ஆயிடுமா?"

"ஆனா ஆகட்டும்."

"என்ன பண்ணப் போறாங்க, வீட்டுக்கு அனுப்புவாங்க. அதான் அடுத்த வருஷம் எப்படியும் அனுப்பறாங்களே" என்று சொல்லிவிட்டு, அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் மூக்கு ஒழுகலோடு சிரிப்பு வந்தது. கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன். அவள் படிவத்தை வாங்கிக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு முழுதும் படித்தாள். உதடு அசைய, ஒவ்வொரு கட்டமாக. படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். அவள் முதுகு நாற்காலியின் முதுகைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாளோ என்று எழுந்தேன்.

"டேய், கொஞ்சம் தண்ணி கொண்டு வா" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

அவள் என்னிடம் எதையும் கொண்டு வரச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுக்களைக்குள் போனேன். இதே வீட்டில் இருபத்தைந்து வருஷம் வளர்ந்தவன் நான். டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மேல் தட்டைத் திறந்தேன், உப்பு, சர்க்கரை, தீப்பெட்டி. கீழ்த் தட்டில் பாத்திரங்கள், ஒரே அளவில் மடித்த துடைக்கும் துணிகள். இடது பக்கம் ஒரு கதவு, அதற்குள் மருந்துச் சீட்டுகள். தட்டு முட்டு என்று உருட்டிக்கொண்டிருந்தேன். அவள் கூடத்திலிருந்து எந்த இடம் என்று சொல்லவில்லை. எழுந்து வரவும் இல்லை. காத்திருந்தாள். கடைசியில் ஜன்னல் கட்டையில், என் கண்ணுக்கு நேராக, கவிழ்த்து வைத்த ஒரே ஒரு டம்ளர் இருந்தது.

குடத்தைச் சாய்த்து விளிம்புவரை நிரப்பி, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். வாங்கினாள். தலையை அண்ணாந்து குடிக்கத் தொடங்கினாள். கழுத்து நரம்புகள் ஏறி இறங்கின. நடுவில் நிறுத்தவில்லை, மூச்சுவிடவில்லை. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, காலி டம்ளரை என்னைப் பார்த்து நீட்டினாள்.

"இன்னொண்ணு."